காக்கா யாரைக் கூப்பிடுகிறது?



மலருக்கு எழுதச் சொன்னதும் எல்லோரையும் போல நட்பு, தாய்ப்பாசம், தன்னம்பிக்கை என்று ஏதாவது எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் போன சங்கத் தேர்தல் சமயத்தில் விடுதி மொட்டை மாடியில் நடந்த ஒரு பேச்சு மனசை விட்டுப் போகவே இல்லை. அதனால் இதை எழுதுகிறேன். யாரையும் குத்திக் காட்டுவதற்காக அல்ல. என்னையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

யாருக்கு ஓட்டு என்று பேச்சு வந்தது. ஒரு நண்பன் பளிச்சென்று சொன்னான்: "இதுல யோசிக்க என்னடா இருக்கு? நம்ம ஆளுக்குத்தான். காக்கா கூட தன் இனத்தைக் கூப்பிட்டுத்தான் சாப்பிடுது. ரத்தம்னு ஒண்ணு இருக்குல்ல?" சுற்றி இருந்தவர்கள் சிரித்தோம். இரண்டு பேர் மட்டும் மெதுவாக எழுந்து கீழே போய்விட்டார்கள். அவர்கள் 'நம்ம ஆள்' இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதில் ஒருவன் முதல் வருஷத்தில் எனக்குச் செய்ததைக் கடைசியில் சொல்கிறேன்.

காக்கா உதாரணம் கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது உண்மையா? விலங்குகள் உண்மையிலேயே ரத்த சொந்தத்துக்கு மட்டும்தான் உதவுகின்றனவா? பத்தாம் வகுப்போடு உயிரியலுக்குக் கும்பிடு போட்டுவிட்டு மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர் என்று வந்துவிட்டவர்கள் நாம். இருந்தாலும் விடாமல் தேடிப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

எங்கள் ஊர் ரஞ்சன்குடி. திருச்சி - சென்னை நெடுஞ்சாலையில் பஸ்ஸில் போகும்போது கோட்டை தெரியுமே, அதே ஊர்தான். சின்ன வயசில் கோட்டை அகழிப் பக்கம் ஆடு மேய்க்கப் போனால் வேலிக்கருவைக்கு அடியில் தவிட்டுக்குருவிகள் கும்பலாகக் கத்திக்கொண்டு இலையைப் புரட்டும். ஏழு, எட்டு, சில நாள் பத்து கூட இருக்கும். ஒன்று மட்டும் மேலே உட்கார்ந்து காவல் பார்க்கும். பாம்போ வல்லூறோ வந்தால் கூச்சல் போடும். ஒரு கூட்டில் குஞ்சு இருந்தால் அதன் அப்பா அம்மா மட்டும் அல்ல, கூட்டத்தில் உள்ள மற்றவையும் புழு கொண்டு வந்து ஊட்டும். 'நம்ம தெரு பொம்பளைங்க மாதிரியே இருக்கு' என்று அம்மா சொல்லும்.

இது சாதாரணமாகத் தெரியலாம். ஆனால் விஞ்ஞானிகளுக்கு இது பெரிய தலைவலியாக இருந்தது. வாழ்க்கைப் போராட்டத்தில் தன் சந்ததியை அதிகமாக விட்டுச் செல்வதுதான் நிலைக்கும் என்பது டார்வின் சொன்ன இயற்கைத் தேர்வு. அப்படியானால் தன் குஞ்சை விட்டுவிட்டு அடுத்ததன் குஞ்சுக்கு ஊட்டும் குணம் எப்படி அழியாமல் இருக்கிறது? முட்டையே இடாமல் சாகும் வரை உழைக்கிற வேலைக்கார எறும்பு எப்படி உண்டானது? 1859-ல் வெளிவந்த தன் நூலிலேயே டார்வின் இந்தச் சிக்கலை ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இதற்குக் கணக்காக விடை சொன்னவர் இங்கிலாந்தின் டபிள்யூ. டி. ஹாமில்டன். ஆண்டு 1964. அவர் சொன்னதை நம்ம வழியில் சொல்கிறேன். ஒருவரிடம் உள்ள ஒரு ஜீன், அவர் கூடப்பிறந்தவரிடமும் இருக்க வாய்ப்பு பாதி. பெற்றோர் - பிள்ளைக்கும் பாதி. மாமா - மருமகனுக்குக் கால். சித்தப்பா மகன், அத்தை மகனுக்கு அரைக்கால், அதாவது எட்டில் ஒன்று. உதவி பெறுகிறவருக்கு வரும் லாபத்தை இந்தப் பங்கால் பெருக்க வேண்டும். வருகிற விடை, உதவி செய்கிறவரின் நஷ்டத்தைவிட அதிகமாக இருந்தால் அந்தக் குணம் தலைமுறை தலைமுறையாகப் பரவும். இதற்கு உறவுவழித் தேர்வு என்று பெயர்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு பறவை தன் குஞ்சு ஒன்றை இழந்து, தம்பி தங்கை மூன்றைக் கூடுதலாகக் காப்பாற்றுகிறது. 3-ஐ அரையால் பெருக்கினால் ஒன்றரை. நஷ்டம் ஒன்று. லாபம்! அதே மூன்றும் சித்தப்பா பிள்ளைகள் என்றால்? 3-ஐ எட்டில் ஒன்றால் பெருக்கினால் அரை கூட வராது. நஷ்டம்!

இந்தக் கணக்குக்கு முன்னோடி ஜே. பி. எஸ். ஹால்டேன். இங்கிலாந்தில் பிறந்து 1957-ல் இந்தியாவுக்கே வந்துவிட்டவர். 1964-ல் புவனேஸ்வரத்தில் இறந்தார். இரண்டு அண்ணன் தம்பிக்காக உயிரை விடலாம், இல்லையென்றால் எட்டு சித்தப்பா பிள்ளைகளுக்காக விடலாம் என்று அவர் வேடிக்கையாகச் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. கணக்கு போட்டுப் பாருங்கள், இரண்டு பக்கமும் சரியாக ஒன்று வரும்!

கணக்கு வெறும் காகிதக் கணக்கு அல்ல. அமெரிக்காவில் கலிபோர்னியா மலையில் தரை அணில்களைப் பார்த்து பால் ஷெர்மன் என்பவர் 1977-ல் எழுதினார். எதிரி மிருகம் வந்தால் ஓர் அணில் எழுந்து நின்று கத்தும். கத்துகிற அணிலுக்குத்தான் ஆபத்து அதிகம். யார் கத்துகிறார்கள் என்று பார்த்தால், பக்கத்திலேயே பிள்ளைகளும் சகோதரிகளும் வாழ்கிற பெண் அணில்கள்தான் அதிகம். பிறந்த இடத்தை விட்டு வெளியூர் போய்விட்ட ஆண் அணில்கள் பெரும்பாலும் வாயைத் திறப்பதில்லை. ஆகவே ரத்த பாசம் என்பது இயற்கையில் உண்டு. அதை நான் மறுக்கவில்லை.

அப்படியானால் அந்த நண்பன் சொன்னது சரிதானே என்று கேட்பீர்கள். இங்கேதான் நண்பர்களே, நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முதலில் கணக்கையே பார்ப்போம். கூடப்பிறந்தவர் பாதி. பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் எட்டில் ஒன்று. அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளுக்குள் முப்பத்திரண்டில் ஒன்று. அடுத்த தலைமுறையில் நூற்று இருபத்தெட்டில் ஒன்று! மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்திலேயே கல்யாணம் பண்ணுகிற ஊர் நம்முடையது. அதனால் பங்கு கொஞ்சம் கூடும், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் நாலு மாவட்டம் தாண்டி, முகமே பார்க்காத ஒருவன் 'நம்ம ஆள்' என்பதற்காக அடுத்த கட்டிலில் படுத்திருப்பவனைப் பகைத்துக்கொள் என்று ஹாமில்டன் கணக்கு எங்கேயும் சொல்லவில்லை. அது வீட்டு வாசலைத் தாண்டினதுமே தேய்ந்துபோகிற கணக்கு. சாதிச் சங்கம் வரைக்கும் இழுத்தால் இழுபடாது.

இரண்டாவது, அந்தக் காக்காய். காக்காய் கூப்பிடுவது தன் இனத்தை என்றால், அதற்கு இனம் என்பது காக்காய் மொத்தமும்தானே? வடக்குத் தெருக் காக்காய், தெற்குத் தெருக் காக்காய் என்று அது பிரித்துக் கூப்பிட்டதை யாராவது பார்த்திருக்கிறோமா? இன்னொரு சங்கதி கேளுங்கள். நம்ம அண்டங்காக்காய்க்கு உறவான, அதைவிடப் பெரிய ரேவன் என்ற காக்காய் குளிர்நாடுகளில் இருக்கிறது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் காட்டில் பெர்ன்ட் ஹைன்ரிச் என்பவர் 1980-களில் பனியில் செத்த மாட்டைப் போட்டுவிட்டு மறைந்து உட்கார்ந்து பார்த்தார். இரையைக் கண்ட இளங்காக்காய் சத்தம் போட்டு ஒரு கூட்டத்தையே வரவழைத்தது. வந்தவை எல்லாம் பங்காளிகளா? டி.என்.ஏ. சோதனை செய்து பார்த்து 1994-ல் முடிவை வெளியிட்டார்கள். கூட்டம் சொந்தக்காரக் கூட்டம் இல்லை! அந்த இடத்தைச் சொந்தம் கொண்டாடும் பெரிய ஜோடிக் காக்காய் தனியாக வருகிற இளசை அடித்து விரட்டும். பத்து இளசு சேர்ந்து வந்தால் விரட்ட முடியாது. அதனால்தான் முன்பின் தெரியாததையும் கூப்பிடுகிறது. தனி ஆளாக ஜெயிக்க முடியாதவர்கள் ஒன்று சேர்வதற்குப் பெயர் என்ன? சங்கம்! காக்காய் உதாரணம் நம்ம பக்கம்தான் நண்பர்களே.

மூன்றாவது உதாரணம் நம்ம பக்கத்து மாநிலத்தில் இருந்து. ஜன்னல் கம்பியில் காகிதம் மாதிரிக் கூடு கட்டுமே, அந்தக் குளவி. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ராகவேந்திர கடக்கர் மாணவராக இருந்த காலத்தில் இருந்தே இந்தக் குளவிகளைப் பார்க்கத் தொடங்கி, பல பத்தாண்டுகள் ஆராய்ந்தவர். எறும்பு, தேனீ, குளவி இனத்தில் ஆண் கருவுறாத முட்டையில் இருந்து வருவதால், ஒரே அப்பா அம்மாவுக்குப் பிறந்த சகோதரிகளுக்குள் பங்கு பாதி அல்ல, முக்கால். அதனால்தான் அவை சகோதரிகளுக்காக இப்படி உழைக்கின்றன என்று பலர் எண்ணினார்கள். கடக்கர் குழு அளந்து பார்த்தது. ராணி பல ஆண்களோடு சேர்கிறது. ராணிகளும் அடிக்கடி மாறுகின்றன. கடைசியில் பங்கு முக்காலில் இருந்து நிறையவே இறங்கிவிட்டது. பிறகு ஏன் அவை சேர்ந்து உழைக்கின்றன? தனியாகக் கூடு கட்டிய குளவி நடுவில் செத்தால் அதன் குஞ்சுகள் எல்லாம் சாகும். கூட்டத்தில் இருந்து பாதியில் செத்தால், மீதியை மற்றவை வளர்த்து முடிக்கும். உழைப்பு வீணாகாது! வேறு கூட்டில் பிறந்த இளம் குளவியைக் கொண்டுவந்து விட்டால்கூட இந்தக் குளவிகள் சேர்த்துக்கொள்கின்றன. சேர்ந்ததும் அந்தக் கூட்டுக்காக உழைக்கிறது.

இன்னொரு முக்கியமான விஷயம். விலங்கு எதுவும் உட்கார்ந்து கணக்கு போடுவதில்லை. நம்ம தமிழ்நாட்டு விலங்கியல் அறிஞர் ஏ. ஜே. டி. ஜான்சிங், தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒன்று சேர்ந்து சுடலைக்குயிலின் குஞ்சை வளர்த்ததைப் பற்றி 1982-ல் எழுதியிருக்கிறார். குயில் திருட்டுத்தனமாக இட்ட முட்டை அது. பங்கு பூஜ்யம்! கூட்டில் வாயைத் திறந்தால் ஊட்டுகிறது, அவ்வளவுதான். கணக்கு குருவியின் மண்டையில் இல்லை, பல ஆயிரம் தலைமுறையின் முடிவில் இருக்கிறது. ஆகவே 'இயற்கையே அப்படித்தான்' என்பது எப்படி வந்தது என்பதற்கு விளக்கம். நாம் எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு உத்தரவு அல்ல.

இதை என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பா கல் உடைக்கப் போவார். அம்மா சின்ன வெங்காயக் காட்டில் கூலி. அக்கா பத்தாவதில் என்னைவிட அதிக மார்க். ஆனால் அக்காதான் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனது. என் பீஸில் பாதி அக்கா அனுப்பியது. போன் பண்ணினால் "பீஸ் எப்ப கட்டணும்?" என்றுதான் முதலில் கேட்கும். "சாப்பிட்டியா" என்பது அப்புறம்தான். உறவுவழித் தேர்வைப் படித்தபோது, 'ஓகோ, அக்கா எனக்கு உதவுவது இந்தக் கணக்குதான்' என்று தோன்றியது. அடுத்த நிமிஷமே வெட்கமாகிவிட்டது. பங்கு இரண்டு பக்கமும் பாதிதானே? அக்காவுக்கு நான் எவ்வளவோ, எனக்கும் அக்கா அவ்வளவுதானே? அப்புறம் ஏன் அக்கா நின்றது, நான் படித்தேன்? அது ஜீன் போட்ட கணக்கு அல்ல. ஊர் போட்ட கணக்கு. ஊர் போட்டதை ஊர்தான் மாற்ற வேண்டும். அதாவது நாம்.

இப்போது அந்த நண்பனுக்கு வருகிறேன். முதல் வருஷம் இன்ஜினியரிங் டிராயிங் வகுப்பில் மினி டிராஃப்டர் கேட்டார்கள். என்னிடம் இல்லை. வாங்கவும் வழியில்லை. வீட்டில் சொல்லவும் மனசு வரவில்லை. பக்கத்து மேஜைக்காரன் ஒன்றும் கேட்கவில்லை. தன் ஷீட்டை ராத்திரி பத்து மணிக்குள் முடித்துவிட்டு டிராஃப்டரை என் கட்டிலில் வைத்துவிட்டுப் போவான். நான் ஒரு மணி வரை வரைவேன். அந்த வருஷம் முழுவதும் இப்படித்தான் நடந்தது. எனக்காக அவன் தினமும் அவசர அவசரமாக வரைந்தான். அதனால் அவன் ஷீட்டில் கோடு தப்பி மார்க் குறைந்ததும் உண்டு. அவனுக்கும் எனக்கும் பங்கு பூஜ்யம். எங்கள் ஊர்க் கணக்குப்படி பூஜ்யத்துக்கும் கீழே.

அன்றைக்கு மாடியில் இருந்து எழுந்து போனவன் அவன்தான். நான் எழுந்திருக்கவில்லை. சிரித்தவர்களோடு உட்கார்ந்திருந்தேன். அந்தக் காக்காய் உதாரணத்துக்கு அப்போதே பதில் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேனா என்றும் தெரியவில்லை. பதில் தெரியாததைவிட எழுந்திருக்காததுதான் தப்பு. மறுநாள் அவனிடம் போய்ச் சொன்னேன். "விடுடா, டெஸ்ட்டுக்குப் படிச்சியா?" என்றான்.

நண்பர்களே! சொந்தக்காரர்களுக்கு உதவுங்கள். அதில் தப்பே இல்லை, அணில் கூடச் செய்கிறது. ஆனால் அதோடு நின்றுவிடுவதற்குக் காக்காயைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள். அது நமக்கு எதிராகத்தான் சாட்சி சொல்லும். அடுத்த சங்கத் தேர்தலில் யாருக்கு ஓட்டு என்பதை, மெஸ் தண்ணிக்கும் பஸ் பாஸுக்கும் யார் நிற்பார்கள் என்று பார்த்து முடிவு செய்வோம்.

கடைசியாக முதல் வருஷத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. இரண்டாம் வருஷம் அக்கா அனுப்பிய பணத்தில் நானும் ஒரு மினி டிராஃப்டர் வாங்கினேன். இந்த வருஷத்தோடு அது எனக்குத் தேவைப்படாது. வேண்டியவர்கள் விடுதிக்கு வந்து வாங்கிக்கொள்ளலாம். எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்க மாட்டேன். ஷீட்டை முடித்ததும் இல்லாத இன்னொருவருக்குக் கொடுத்துவிட வேண்டும். அது ஒன்றுதான் நிபந்தனை.

- மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னியல் துறை
ரஞ்சன்குடி