பொட்டு வெச்ச குஞ்சு!

மெண்டலோட பட்டாணிச் செடிக்குக் கட்டம் போட்டு மார்க் வாங்கினோமே, ஞாபகம் இருக்கா பாஸ்? அந்தப் 'புன்னட் கட்டம்' தந்த புன்னட், கோழிக்கும் கணக்குப் போட்டவர்!

பொரிஞ்ச அன்னிக்கே குஞ்சு சேவலா, பெட்டையானு சொல்றது பெரும்பாடு. திருப்பிப் பிடிச்சு பின்பக்கம் பார்க்கணும். அதுக்குத் தனிப் பயிற்சி வேணும். புன்னட்டும் மைக்கேல் பீஸும் 1930-களில் கேம்பிரிட்ஜில் உருவாக்கிய 'லெக்பார்' இனத்தில் அந்த அவஸ்தையே இல்லை. முதுகில் அழுத்தமான பழுப்புக் கோடு இருந்தா பெட்டை. உடம்பு வெளிறி, தலையில் பெரிய வெளிர் பொட்டு இருந்தா சேவல்.

காரணம் சிம்பிள். இறகில் வரி போடும் ஜீன் இசட் குரோமோசோமில் இருக்கு. சேவலுக்கு இசட் ரெண்டு, பெட்டைக்கு ஒண்ணுதான். டபுள் டோஸ் வாங்கின சேவல் வெளுத்துடுது!

சரி, எதுக்கு இவ்வளவு அவசரம்? முதல் உலகப் போர் சமயத்தில் தீவனத்துக்குத் தட்டுப்பாடு. முட்டையிடாத சேவல் குஞ்சுகளை நிறத்தை வெச்சுப் பிரிச்சு, முதல் நாளே கொன்னுடலாம்னு அப்பவே யோசனை சொன்னவர் இதே புன்னட். பண்ணைகளில் சேவல் குஞ்சுகளை இப்படிக் கொல்றதை ஜெர்மனி தடை செஞ்சது 2022-லதான்.

நாம பென்சில்ல போட்ட கட்டத்துக்குப் பின்னாடி இப்படியும் ஒரு கணக்கு இருந்திருக்கு பாஸ்!