நான்கு மணிப் பசி

பள்ளிப் பிள்ளைகளின் பசியாற்றிய வரலாற்றில் நம் திருச்சிக்குத் தனி இடம் உண்டு. 1982 ஜூலை 1 அன்று சத்துணவுத் திட்டம் தொடங்கியது இம்மாவட்டத்துப் பாப்பாக்குறிச்சியில்தான். 2023 ஆகஸ்டு முதல் தமிழகமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலைச் சிற்றுண்டியும் கிடைக்கிறது. காலையும் மதியமும் சரி. மாலை நான்கு மணிப் பசியை யார் பார்ப்பது?

ஸ்ரீரங்கத்தில் பூக்கட்டும் வேலை முடிந்து அம்மா வீடு திரும்ப இருட்டிவிடும். இரண்டாம் வகுப்புப் படிக்கும் தங்கை பசியோடு வருவாள். ஐந்து ரூபாயைக் கையில் திணித்துப் பெட்டிக்கடைக்கு அனுப்பியவன் நானேதான். உப்பும் எண்ணெயுமான பொட்டலத்தைத் தின்றுவிட்டு, இரவுச் சோறு வேண்டாமென்று தூங்கிப்போவாள்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். "படிக்கிற பிள்ளைக்கு அடுப்படியில் என்ன வேலை?" என்பார் அம்மா. அந்தச் சலுகையைச் சுகமாக அனுபவித்தேன். புரதத்தைப் பற்றித் தேர்வில் இரண்டு பக்கம் எழுதியவன், அதைத் தங்கையின் தட்டில் வைக்கவில்லை!

இப்போது காலையில் பச்சைப்பயற்றை ஊறவைத்துவிட்டே பஸ் ஏறுகிறேன். மாலையில் பத்தே நிமிடத்தில் சுண்டல் தயார். மறுநாள் முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து. இன்னொரு நாள் வேர்க்கடலையும் வெல்லமும் இடித்த உருண்டை. கடலையில் கால் பங்கு புரதம். சின்னஞ்சிறு குழந்தைக்கு முழுக் கடலை தொண்டையில் அடைக்கும், பொடித்தே தரவேண்டும்.

நண்பர்களே! உழைத்துக் களைத்த தாய்மாரைக் குறை கூறுவது எளிது. நாட்டைத் திருத்தப் புறப்படுமுன், நம் வீட்டு அடுப்படியில் பத்து நிமிடம் நிற்போமா?

— இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., வேதியியல்