மின்னஞ்சற் காவல்

நம் கல்லூரியிற் புகும் ஒவ்வொருவர்க்கும் நூலக அட்டையோடு ஒரு மின்னஞ்சல் முகவரியும் ஒரு கடவுச்சொல்லும் இக்காலத்தில் வழங்கப்படுகின்றன. நூலக அட்டையைத் தொலைத்தவன் ஒரு சில புத்தகங்களுக்கே பொறுப்பாவான். கடவுச்சொல்லைத் தொலைத்தவனோ தன் மதிப்பெண், கட்டணக் கணக்கு, பெற்றோர் முகவரி, நண்பர் பெயர்கள் ஆகிய அனைத்தையும் அயலான் கையில் ஒப்புவித்தவனாகிறான். ஆதலின் மின்னஞ்சற் காவலைப்பற்றி அறிவிப்புப் பலகைகளிலும் வகுப்புகளிலும் அடிக்கடி பேசப்படுவது முறையே. ஆயின் அப்பேச்செல்லாம் ஒரே பல்லவியில் வந்து முடிகிறது. மாணவர் கவனமாயிருத்தல் வேண்டும் என்பதே அது. இவ்வபிப்பிராயம் பாதி உண்மை. மற்றைப் பாதியைக் குறித்துச் சில கூற விழைகிறோம்.

மின்னஞ்சல் பிறந்த வரலாற்றை நோக்கின் அதன் குறை எங்கிருந்து வந்தது என்பது விளங்கும். 1971ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரே டாம்லின்சன் என்னும் பொறியியலார் ஒரு கணினியினின்றும் மற்றொரு கணினிக்கு வலையின் வழியே கடிதம் போக்கும் முறையைக் கண்டனர். ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரித்துக்காட்ட இன்று நாம் இடும் சுழிக்குறியைத் தேர்ந்தவரும் அவரே. அக்காலத்து அவ்வலையில் இருந்தோர் சில சர்வகலாசாலைகளையும் ஆராய்ச்சிச் சாலைகளையும் சார்ந்தவர். பலரும் ஒருவரையொருவர் அறிந்தவர். எனவே 1982இல் கடிதப் போக்குவரத்துக்கு விதி வகுத்தபோது, அனுப்புவோன் எழுதிய பெயர் மெய்ப்பெயர்தானா என்று சோதிக்கும் ஏற்பாடு அவ்விதியில் இடம்பெறவில்லை. அஞ்சல் உறையின் புறத்தே எவரும் எவர் பெயரையும் எழுதலாமன்றோ? அதுபோன்றதே இதுவும். பின்னாளிற் சோதனை முறைகள் பல சேர்க்கப்பட்டன என்பதும், அவை பொய்க் கடிதங்கள் பலவற்றை வாயிலிலேயே தடுக்கின்றன என்பதும் மெய்யே. ஆயினும் ஓரெழுத்து மாற்றிப் புதிதாய்ப் பதிந்த முகவரியினின்றோ, முன்னரே களவுபோன உண்மையான கணக்கினின்றோ வரும் கடிதம் அவற்றைத் தப்பி உள்ளே வந்துவிடுகிறது.

பழைய நம்பிக்கை பெரிதும் குலைந்தது ஒரு மாணவராலேயே. 1988 நவம்பர் 2ஆம் நாள், கார்னெல் சர்வகலாசாலையின் பட்டமேற்படிப்பு மாணவர் ராபர்ட் மாரிஸ் என்பார் விடுத்த நிரல் ஒன்று, அஞ்சல் கொண்டுசெல்லும் மென்பொருளின் ஓட்டை வழியாகவும், எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொற்கள் வழியாகவும் புகுந்து, ஆயிரக்கணக்கான கணினிகளைச் செயலறச் செய்தது. நீதிமன்றத்தில் தண்டனை பெற்ற அவரே பின்னர் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திற் பேராசிரியராயினார் என்பது வேறு கதை.

ஏமாறுவோர் அறிவிலிகள் என்னும் எண்ணத்தை முதற்கண் நீக்குதல் வேண்டும். ஆதியாகமத்தில் ஈசாக்கு ஏமாற்றப்பட்ட வரலாற்றை ஞாயிறு பள்ளியிலேயே கேட்டிருக்கிறோம். அம்முதியவர் சோதியாமல் நம்பினாரல்லர். இவ்வளவு விரைவில் வேட்டை கிடைத்தது எவ்வாறு என வினவினார். அருகில் அழைத்துத் தடவிப் பார்த்தார். குரல் இளையவனுடையதாயிருக்கிறதே என ஐயுற்றார். நீ ஏசாதானோ என மீண்டும் கேட்டார். இறுதியில், கையில் உரோமமும் ஆடையில் மூத்தவன் வாசமும் இருந்தமையால் ஐயத்தை விட்டார். வேறொருவரை அழைத்து ஒரு வார்த்தை கேட்டிருப்பின் அக்கணமே உண்மை வெளிப்பட்டிருக்கும். இக்காலத்துப் பொய்க் கடிதமும் இவ்வாறே கல்லூரி முத்திரை என்னும் ஆடையைப் போர்த்து வருகிறது. படிப்போனும் பெரும்பாலும் ஐயுறவே செய்கிறான். ஆனால் தனியே ஐயுறுகிறான்.

மாணவர் கவனமின்மையே காரணம் என்போர் இரண்டு செய்திகளை நோக்குக. 2017ஆம் ஆண்டில் கனடா நாட்டின் எட்மன்டன் நகரத்து மாக்யூவன் சர்வகலாசாலை, தன் ஒப்பந்தக்காரர் எழுதினாற்போல வந்த மின்னஞ்சல்களை நம்பி, 1 கோடியே 18 லட்சம் கனடிய டாலரைக் கள்வர் கணக்குக்கு அனுப்பிற்று. வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்பதே அக்கடிதங்களின் சாரம். ஒப்பந்தக்காரரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார் ஒருவருமில்லை. பணத்தின் பெரும்பகுதி பின்னர் மீட்கப்பட்டது. எனினும் அதனை அனுப்பியவர் மாணவர் அல்லர், அலுவலரே.

மற்றொன்று கான்பராவில் உள்ள ஆஸ்திரேலிய தேசிய சர்வகலாசாலையில் நிகழ்ந்தது. 2018 நவம்பரில் அங்கே உயர்பதவியிலிருந்த ஒருவரின் அஞ்சற்பெட்டிக்கு ஒரு கடிதம் வந்தது. அப்பெட்டியைப் பார்க்கும் உரிமையுடைய வேறோர் அலுவலர் அதனை முன்தோற்றத்திற் கண்டார், அவ்வளவே. இணைப்பு எதனையும் சொடுக்கவில்லை. கோப்பு எதனையும் திறக்கவில்லை. அங்ஙனமிருந்தும் உயர் அலுவலரின் கடவுச்சொல் வெளியே சென்றுவிட்டது. அதனைத் திறவுகோலாகக் கொண்டு கள்வர் படிப்படியாக உள்நுழைந்து, பணியாளர், நிதி, மாணவர் நிர்வாகம் ஆகியவற்றின் பதிவேடுகள் இருந்த இடத்தை எட்டினர். சென்ற வழிதோறும் தம் தடத்தையும் அழித்தனர். கண்டறியப்பட்டது 2019ஆம் ஆண்டிலேதான். எத்துணை கவனமுள்ள மாணவனும் இதனைத் தடுத்திருக்க மாட்டான்.

ஆனால் இந்நிகழ்ச்சியில் நாம் போற்றத்தக்கது பின்னர் நடந்தது. துணைவேந்தராயிருந்த பிரையன் ஷ்மிட், பௌதிகத்தில் 2011ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்ற அறிஞர், 2019 ஜூன் 4ஆம் நாள் செய்தியை வெளியிட்டார். அவ்வாண்டு அக்டோபரில் கள்வர் எவ்வழி வந்தனர், எங்கே தவறினோம் என்பவற்றை விளக்கும் அறிக்கையையும் உலகறிய வெளியிட்டது அச்சர்வகலாசாலை. மானம் போய்விடுமே என்று மூடிவைத்திருப்பின் பிற கல்லூரிகள் கற்றுக்கொள்ள யாதும் இருந்திராது. பெரிய கலாசாலை ஒன்று தன் பெயருக்கு அஞ்சாது சொன்னதை, நம்மிடை ஓர் இளைஞன் சொல்ல அஞ்சுவது ஏன்?

அவன் அச்சத்துக்குக் காரணம் உண்டு. கல்வி உதவித்தொகை ஒதுக்கப்பட்டது, பதிவுக் கட்டணத்தை இன்று மாலைக்குள் அனுப்புக என்று ஒரு கடிதம் வருகிறது என்க. இதற்கு இரையாவோன் செல்வர் வீட்டுப் பிள்ளையல்லன். தன் குடியிலே முதன்முதற் கல்லூரி வாயிலை மிதித்தவனே. உதவித்தொகை என்ற சொல்லைக் கண்டதும் ஊரிலுள்ள தாயின் முகமே அவன் நினைவில் வரும். அவசரம் ஆராய்ச்சியைக் கெடுக்கும். தேவியின் ஊடல் தீர்க்க விரைந்து சென்ற பாண்டியனிடம் பொற்கொல்லன் கோவலனைக் கள்வனென்று சொல்லியதும் அத்தகைய வேளையில் அன்றோ? பணம் போனபின் அவன் யாரிடம் சொல்வான்? சொன்னால் வகுப்பு நகைக்கும், அலுவலகம் கடிந்துகொள்ளும், வீட்டில் படிப்பையே நிறுத்திவிடுவரோ என்ற பயமும் உண்டு. எனவே வாளாவிருக்கிறான். நம் நாட்டிலோ இத்தகைய களவை அறிவிக்க 1930 என்னும் தொலைபேசி எண் உளது. உடனே அறிவித்தால், பணம் கைமாறிச் செல்லுமுன் வங்கியில் நிறுத்திவைக்கக் கூடும். மணிகள் செல்லச் செல்ல அவ்வாய்ப்புக் குறையும். நகைப்புக்கு அஞ்சி அவன் விடுதி அறையில் விழித்திருக்கும் ஓர் இரவு கள்வனுக்குப் போதும்.

ஆசிரியர்க்கும் இதில் விலக்கில்லை. முதல்வர் பெயரால், கூட்டத்தில் இருக்கிறேன், அழைக்க வேண்டா, பரிசுச் சீட்டுகள் சில வாங்கி அவற்றின் எண்களை அனுப்புக என வரும் கடிதம் உலகத்துக் கல்லூரிகள் பலவற்றிலும் உலவுகிறது. மேலாரை வினவுதல் மரியாதைக் குறைவு என்னும் நம் வழக்கமே அக்கடிதத்தின் பலம். உத்தரவை மீட்டும் கேட்டு உறுதிசெய்வோரைத் துறைத்தலைவர்கள் வெளிப்படையாகப் பாராட்டினாலன்றி இவ்வழக்கம் மாறாது.

கணினி மையங்களைக் குறித்தும் ஒன்று கூறவேண்டும். கடவுச்சொல்லோடு கைப்பேசிக்கு வரும் குறியெண்ணையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பு மிக நன்று; கடவுச்சொல்லைக் களவாடினவன் வெளியிலேயே நிற்பான், நாமே அக்குறியெண்ணையும் அவனுக்கு ஓதிவிடாதவரை. மையத்தார் ஒருபோதும் கடவுச்சொல்லைக் கேட்கமாட்டார் என்பதும் பலகால் சொல்லப்பட்டதே. ஆனால் கல்லூரிகள் பலவற்றில் மையம் விடுக்கும் உண்மைக் கடிதங்களே கள்வர் கடிதங்களின் நடையில் உள்ளன. பெட்டி நிறைந்தது, 24 மணி நேரத்துள் இவ்விணைப்பைச் சொடுக்குக, இல்லையேல் கணக்கு மூடப்படும் என எழுதி, கீழே ஒருவர் பெயருமிராது. மெய்யும் பொய்யும் ஒரே உடை உடுத்தால் மாணவன் எதைக்கொண்டு பிரித்தறிவான்? இணைப்பே இல்லாமல், கல்லூரித் தளத்தை நீங்களே திறந்து புகுக என்று எழுதுதல் அரிதன்று. பொய்க் கடிதத்தைத் தாமே அனுப்பி மாணவரைச் சோதிக்கும் வழக்கமும் சில இடங்களிற் பரவிவருகிறது. தோற்றவர் பெயரை வெளியிடாதவரை அதற்கு யாம் எதிரல்லேம்.

விடுதியிற் கடவுச்சொல்லைப் பகிர்தல் நட்பின் அடையாளமாய்க் கருதப்படுவதையும், ஆய்வுக்கூடக் கணினியில் கணக்கை மூடாது எழுந்துபோவதையும் பற்றி நீள எழுத வேண்டுவதில்லை. அவை நம்மாலேயே தீர்வன. பழைய மாணவர்கள் தாம் பயன்படுத்தாத கல்லூரிக் கணக்கு இன்னும் திறந்துளதா என ஒருமுறை பார்த்து, வேண்டாவிடில் மூடச் சொல்வாராக. ஆளில்லாத வீட்டில் விளக்கெரிந்தால் உள்ளிருப்பவன் யாரெனக் கேட்பார் இலர்.

எச்சரிக்கைகள் யாவும் ஆங்கிலத்திலேயே வருகின்றன. பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழிற் கற்று வந்தோர் அவற்றின் முதல் வரியைத் தாண்டுவதரிது. கணினி மையத்தார் மாதந்தோறும் வந்த பொய்க் கடிதங்களுள் இரண்டொன்றை, ஏமாந்தவர் பெயரின்றி, அவை பொய்யென்று காட்டும் அடையாளத்தோடு, அறிவிப்புப் பலகையில் ஒட்டுவாராயின், அவற்றை எளிய தமிழில் எழுதித்தரத் தமிழ் ஆனர்ஸ் வகுப்பினர் எண்வர் சித்தமாயிருக்கிறோம். வரும் ஜூன் மாதத்திலிருந்தே தொடங்கலாம்.