போட் விலை கம்மிதான்... அதை வீட்டுக்குக் கொண்டு வர்ற விலை என்ன?

இங்கிலாந்துல ஐடி வேலையில இருக்கிற நம்ம சேனல் தம்பி ஒருத்தர் மெயில் போட்டிருந்தார். நெதர்லாந்துல ஒரு செகண்ட் ஹேண்ட் மோட்டார் போட் பாத்து வச்சிருக்கார். 6 மீட்டர் நீளம், பின்னாடி அவுட்போர்டு இன்ஜின், கூடவே டிரெய்லர். விலை நம்ம கணக்குல 12,000 பவுண்டு. அதே மாடல் இங்கிலாந்துல 15,000 பவுண்டு சொல்றாங்களாம். "3,000 லாபம் அண்ணா. கையில 18,000 இருக்கு. வீட்டு டெபாசிட்டுக்காகச் சேத்தது, ஆனா போட் போக 6,000 மிச்சம் இருக்குமே, வாங்கலாமா?"

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். வேண்டாம் தம்பி. இங்கிலாந்துல இருக்கிற அந்த 15,000 பவுண்டு போட்தான் மலிவு. அதைக்கூட இந்த வருஷம் வாங்க வேண்டாம்.

"நமக்கெதுக்குப் போட் கதை"ன்னு சென்னையிலயும் கோவையிலயும் இருக்கிறவங்க போயிடாதீங்க. டெல்லியில டீசல் கார் விலை கம்மின்னு வாங்கிட்டு வந்து, என்ஓசி, தமிழ்நாடு ரோடு டாக்ஸ், லாரி வாடகைன்னு ஒவ்வொண்ணா கட்டினவங்க நம்மள்ல எத்தனை பேர்? அதே கதைதான் இது. நடுவுல ஒரு கடல் இருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல்ல வரி. 2020 டிசம்பர் 31 வரைக்கும் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றிய விதிக்குள்ள இருந்துச்சு. ஆம்ஸ்டர்டாம்ல வாங்கின போட்டை லண்டனுக்குக் கொண்டு வர்றது, ஓசூர்ல இருந்து பெங்களூருக்குக் கொண்டு போற மாதிரிதான். 2021 ஜனவரி 1-ல இருந்து அது இறக்குமதி. 20 சதவீதம் வாட் கட்டணும். விளம்பரத்துல "வாட் கட்டியாச்சு"ன்னு போட்டிருப்பாங்க. அது ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள செல்லும். பிரிட்டன் எல்லையில அந்தப் பேப்பருக்கு மதிப்பு கிடையாது. தனி ஆள் கிட்ட வாங்கினாலும் இதேதான். டீலர் கிட்ட வாங்கினா, விலைக்குள்ள நெதர்லாந்தோட 21 சதவீதம் வாட் இருக்கா, ஏற்றுமதின்னு காட்டினா கழிச்சுத் தருவாரா, அதுக்கு என்ன பேப்பர் வேணும்னு எழுத்துல கேட்டு வாங்கணும். வாய்ப்பேச்சுல விட்டா ரெண்டு நாட்டுக்கும் வரி கட்டுவீங்க.

இதுல ரொம்பப் பேர் கவனிக்காத விஷயம், இந்த 20 சதவீதம் போட் விலைக்கு மட்டும் இல்ல. கொண்டு வர்ற செலவையும் இன்ஷூரன்ஸையும் சேத்த மொத்தத்துக்கு. அதாவது லாரி வாடகைக்கும் நீங்க வரி கட்டறீங்க. போட் எங்க தயாரானதுங்கிறதைப் பொறுத்து சுங்க வரி வருமா வராதான்னு தனியா பாக்கணும். அதை நான் இங்க பூஜ்யம்னே வச்சுக்கறேன்.

கணக்கு போடுவோம். லாரி, இன்ஷூரன்ஸ், சர்வே எல்லாம் நான் உதாரணத்துக்கு வச்ச எண்கள். உங்களுக்கு வர்ற கொட்டேஷனை வச்சு மாத்திக்கோங்க. போட் 12,000, லாரி 2,000, வழி இன்ஷூரன்ஸ் 150. ஆச்சு 14,150. அதுக்கு 20 சதவீதம் வாட் 2,830. இப்ப 16,980. கஸ்டம்ஸ் ஏஜென்ட் 150. வாங்கறதுக்கு முன்னாடி சர்வேயர் வச்சுப் பாக்கணும், நீங்களும் ஒரு தடவை நேர்ல போகணும், அதுக்கு 900. மொத்தம் 18,030.

தம்பி, உங்க சேமிப்பு மொத்தமும் போய் மேல 30 பவுண்டு கடன். போட் இன்னும் தண்ணியில இறங்கவே இல்ல. நிறுத்த இடம், வருஷ இன்ஷூரன்ஸ், இன்ஜின் சர்வீஸ் எதையும் நான் இன்னும் சேக்கல.

வாட் இஎம்ஐ-ல வராது, அதையும் ஞாபகம் வச்சுக்கோங்க. 2,830-ஐ மொத்தமா எடுத்து வைக்கணும். அப்பதான் கிரெடிட் கார்டை எடுப்பீங்க.

"டிரெய்லர்ல மாட்டி ஃபெர்ரியில ஏத்திட்டு வந்தா யாரு கேக்கப் போறா?" இதை எனக்கு முன்னாடியே ஒருத்தர் உங்க காதுல சொல்லியிருப்பார். வெளிநாட்டுல இருந்து வரியில்லாம எடுத்துட்டு வர்ற சொந்த உபயோகப் பொருளுக்கு வரம்பு 390 பவுண்டு. போட்டை பெட்டிக்குள்ள ஒளிக்க முடியாது. பிடிச்சா போட்டையே எடுத்துக்குவாங்க. பிடிக்கலைன்னாலும் நாளைக்கு விக்கும்போது விவரமான ஆள் முதல்ல கேக்கறது வாட் கட்டின ரசீதைத்தான். அது இல்லைன்னா அந்த 20 சதவீதத்தை அவர் உங்க விலையில குறைப்பார்.

ஒரே ஒரு நல்ல விதிவிலக்கு இருக்கு. ஐந்தோவன்லயோ ஆம்ஸ்டர்டாம்லயோ வேலை பாத்துட்டு இங்கிலாந்துக்கு மாறுறவங்களா நீங்க? 12 மாசமாவது பிரிட்டனுக்கு வெளிய வாழ்ந்து, அந்தப் போட்டை 6 மாசமாவது வச்சு ஓட்டியிருந்தா, குடிமாற்றச் சலுகையில வரியில்லாம கொண்டு வர விண்ணப்பிக்கலாம். நம்ம தம்பிக்கு இது பொருந்தாது.

சரி, லாரி 2,000-ஐ மிச்சம் பிடிக்க நானே இழுத்துட்டு வரேன்னா? டிரெய்லர் அகலம் 2.55 மீட்டருக்குள்ள இருக்கணும். 6 மீட்டர் போட் பெரும்பாலும் அதுக்குள்ள வந்துடும். பிரச்சினை எடை. விளம்பரத்துல போடறது வெறும் உடம்போட எடை. இன்ஜின், பேட்டரி, நங்கூரம், டிரெய்லர், டேங்க்ல இருக்கிற பெட்ரோல் எல்லாம் சேரணும். 150 லிட்டர் பெட்ரோலே சுமார் 110 கிலோ. எல்லாம் சேந்தா ஒன்றரை டன்னைத் தாண்டறது சாதாரணம். உங்க சின்ன ஹேட்ச்பேக் 1,000, 1,200 கிலோ இழுக்கத்தான் அனுமதி வாங்கினது. காரோட தட்டுல எழுதியிருக்கும், பாருங்க. வாடகைக் கார்ல டவ் பார் போட்டு இன்னொரு நாட்டுக்குக் கொண்டு போக எத்தனை கம்பெனி விடும்னு போன் போட்டுக் கேளுங்க.

லைசென்ஸ் விஷயமும் இருக்கு. பிரிட்டன்ல 2021 டிசம்பர் 16-ல இருந்து சாதாரண கார் லைசென்ஸ்லயே 3,500 கிலோ டிரெய்லர் இழுக்கலாம். ஆனா இந்திய லைசென்ஸ்ல அங்க 12 மாசம்தான் ஓட்ட முடியும், அப்புறம் டெஸ்ட் எழுதி பிரிட்டன் லைசென்ஸ் எடுக்கணும். வேலை விசாவுல இருக்கிற இந்திய பாஸ்போர்ட்காரர் நெதர்லாந்து போக ஷெங்கன் விசாவும் வேணும், கட்டணம் 90 யூரோ. நெதர்லாந்துல 750 கிலோவுக்கு மேல உள்ள டிரெய்லருக்குத் தனி நம்பர் பிளேட், தனிப் பதிவு. பிரிட்டன்லயோ இழுக்கிற காரோட நம்பரைத்தான் டிரெய்லர்ல மாட்டணும். அந்த டிரெய்லர் பதிவுப் பேப்பரை விக்கிறவர் கிட்ட இருந்து வாங்கலைன்னா துறைமுகத்துல நின்னு போன் பண்ணிட்டு இருப்பீங்க.

இப்ப எனக்கு உண்மையிலேயே பயமா இருக்கிற இடத்துக்கு வரேன். மெயிலோட கடைசி வரி இது: "லாரியும் வேணாம், டிரெய்லரும் வேணாம், ஒரு லாங் வீக்கெண்ட்ல கடல் வழியா ஓட்டிட்டே வந்துடலாம்னு ஃப்ரெண்ட் சொல்றான்."

ஐமௌடன்ல இருந்து நேர் எதிர்க்கரை லோஸ்டாஃப்ட் சுமார் 100 கடல் மைல். இந்த அளவு போட் வேகமா போகும்போது ஒரு கடல் மைலுக்கு ஒரு லிட்டராவது குடிக்கும், அலை அடிச்சா இன்னும் கூட. போக ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்குன்னு மூணாப் பிரிக்கிறது கடல்காரங்க வழக்கம். அப்படிப் பாத்தா உங்க டேங்க் பாதி வழிக்குக்கூடப் பத்தாது. கேன்ல பெட்ரோல் கட்டிட்டு நடுக்கடல்ல ஊத்துவீங்களா?

போட்ல ஒரு சின்னத் தகடு இருக்கும், அதுல ஏ, பி, சி, டி-ன்னு ஒரு வகை போட்டிருக்கும். 6 மீட்டர் போட் பெரும்பாலும் சி. கரையோரம், உள்கடல், அலை 2 மீட்டர், காத்து 6-ஆம் நிலை, அதுக்குள்ள ஓட்டறதுக்குன்னு கட்டினது. வடகடலைக் குறுக்க கடக்கறது கரையோரம் இல்ல. சுத்திப் போயி கலே பக்கமா கடக்கலாம், அங்க தூரம் கம்மி. ஆனா உலகத்துலயே கப்பல் போக்குவரத்து ரொம்ப நெரிசலான கடல்கள்ல அது ஒண்ணு. கப்பல் பாதையை செங்குத்தாத்தான் வெட்டிக் கடக்கணும்.

சட்டப்படியும் லேசு இல்ல. மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல போகக்கூடிய மோட்டார் போட்டை நெதர்லாந்து தண்ணியில ஓட்ட லைசென்ஸ் வேணும், போட்டுக்கும் பதிவு இருக்கணும். பிரிட்டன் கடலோரத்துல சொந்த ஜாலிக்கு ஓட்ட லைசென்ஸ் கேக்கறதில்ல, அதைக் கேட்டுட்டுத்தான் ஃப்ரெண்ட் பேசறார் போல. கடல் வழியா வந்தா வர்றதுக்கு முன்னாடியே பிரிட்டன் அதிகாரிகளுக்குப் பயண அறிக்கை தரணும், 12 மைல் எல்லைக்குள்ள வந்ததும் மஞ்சள் கொடி ஏத்தணும், வாட் கட்டணும். வரி எந்த வழியிலயும் விடாது.

ஆனா என் பயம் சட்டம் இல்ல. லீவ். மாசச் சம்பளக்காரனுக்கும் கடலுக்கும் காலண்டர் ஒத்துப் போகாது. ரிட்டயர்டு ஆளுக்குக் காத்து சரியில்லைன்னா துறைமுகத்துல 4 நாள் உக்காந்து காபி குடிக்கலாம். உங்களுக்கு திங்கக்கிழமை காலையில 9 மணிக்கு ஸ்டாண்ட்-அப் மீட்டிங். சனிக்கிழமை வானிலை மோசம், ஞாயித்துக்கிழமை "சுமார்". மேனேஜர் கிட்ட இன்னொரு நாள் லீவ் கேக்கக் கூச்சப்பட்டு, அந்த "சுமார்"ல இறங்குவீங்க. புதுசா வாங்கின போட், இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடினதுன்னு விக்கிறவர் வாய்வார்த்தை மட்டும்தான் தெரியும், டேங்க் அடியில எவ்வளவு கசடு இருக்குன்னு தெரியாது. அலை தூக்கி அடிக்கும்போதுதான் அந்தக் கசடு கிளம்பி ஃபில்டரை அடைக்கும். இதுக்கு இன்ஷூரன்ஸ் கேட்டா, வகை சி போட், அனுபவம் இல்லாத ஆள், நீளமான கடல் கடப்புன்னு பாத்து "கவர் இல்ல"ன்னு சொல்ல அவங்களுக்கு எல்லாக் காரணமும் இருக்கு.

2,000 பவுண்டு லாரி வாடகை எனக்கு செலவாவே தெரியல. உங்க திங்கக்கிழமையை நீங்க விலைக்கு வாங்கறீங்க.

சரி, ஆசை விடல, இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சு வீட்டு டெபாசிட் தனியா, போட் பணம் தனியா சேத்துட்டு வாங்கறேன்னு சொன்னா, நான் தடுக்க மாட்டேன். அதுக்குள்ள ஒரு சீசன் நார்ஃபோக் பிராட்ஸ் பக்கம் வாடகைப் போட் எடுத்துப் பாருங்க. மழையில, குளிர்ல, கொசுவோட ரெண்டு வாரக் கடைசி ஓட்டின பிறகும் ஆசை இருந்தா அது நிஜ ஆசை. கால்வாய்ல வைக்கப் போறீங்கன்னா வருஷ லைசென்ஸ், இன்ஷூரன்ஸ், 4 வருஷத்துக்கு ஒரு தடவை பாதுகாப்புச் சான்றிதழ் எல்லாம் உண்டு. மரினாவுல வாடகை போட் நீளத்துக்கு மீட்டர் கணக்குல.

அப்ப வாங்கும்போது வரிசையை மட்டும் மாத்தாதீங்க. முதல்ல லாரிக்காரர் கிட்ட எழுத்துல விலை, அப்புறம் சர்வே, அப்புறம்தான் அட்வான்ஸ். இங்கிலாந்துக்குக் காலியா திரும்புற லாரி, இல்ல ரெண்டு போட்டுக்கு இடம் உள்ள லாரி கிடைச்சா வாடகை குறையும், ஆனா தேதி அவங்க சொல்றதுதான். போட்டோட பின்பக்கத்துல வலது மூலையில 14 எழுத்து, எண் கொண்ட ஹல் நம்பர் பொறிச்சிருக்கும். அதையும் இன்ஜின் சீரியல் நம்பரையும் பேப்பரோட ஒப்பிட்டுப் பாருங்க, திருட்டு அவுட்போர்டு இன்ஜின் கைமாறுறது சகஜம். 1998 ஜூன்ல இருந்து ஐரோப்பாவுல விக்கிற போட்டுக்கு சிஇ முத்திரை கட்டாயம். பிரிட்டனுக்குக் கொண்டு வரும்போது விதிப்படி இருக்கான்னு பாக்க வேண்டிய பொறுப்பு இறக்குமதி பண்ற உங்க தலையில விழும், அதனால சர்வேயர் கிட்ட அதையும் சேத்துக் கேளுங்க. போட்டை நேர்ல பாக்காம, "டிரான்ஸ்போர்ட் கம்பெனிக்குப் பாதிப் பணம் அனுப்புங்க, போட் வீட்டு வாசலுக்கு வரும்"னு விக்கிறவரே ஒரு கம்பெனியைக் கை காட்டினா, அதோட பேச்சை நிறுத்திடுங்க. அந்த லாரியும் இருக்காது, போட்டும் இருக்காது.

இன்னொண்ணு, கிரேன். டிரெய்லர் இல்லாத போட்டா இருந்தா அங்க தண்ணியில இருந்து தூக்க ஒரு கூலி, இங்க இறக்க ஒரு கூலி. நெதர்லாந்துல இலையுதிர் காலத்துல நிறைய பேர் குளிருக்காகப் போட்டை எப்படியும் கரையேத்துவாங்க. அந்தச் சமயத்துல வாங்கினா தூக்கற கூலி விக்கிறவரோடது. ஏப்ரல்ல, அவர் தண்ணியில இறக்கின பிறகு வாங்கினா உங்களோடது. இதை விலை பேசும்போதே பேசிடுங்க.