கையெழுத்துக்கு முன்னால் வக்கீலைப் பாருங்கள்

சொட்டு நீர்ப் பாசனம் பற்றி ஆலோசனை கூறுவதற்காகச் சில ஆண்டுகளுக்கு முன் கொங்குப் பகுதிக் கிராமம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். இரண்டரை ஏக்கர் தோட்டம். மஞ்சளுக்கு ஏற்ற நல்ல செம்மண். ஆனால் பாதிக்கு மேல் தரிசாகக் கிடந்தது. சொட்டு நீர்க் குழாய்கள் மாட்டுக் கொட்டகையின் மூலையில் சுருட்டி வைக்கப்பட்டிருந்தன. கிணற்றில் தண்ணீர் இல்லையா என்று கேட்டேன். தண்ணீர் இருக்கிறது, கொண்டுவரத்தான் வழியில்லை என்றார் விவசாயி.

அவரும் அவருடைய அண்ணனும் 5 ஏக்கரைப் பாகம் பிரித்துக்கொண்டவர்கள். பத்திரம் முறையாகப் பதிவாகியிருந்தது. கிணறு அண்ணன் பாகத்தில் அமைந்தது. அதைப் பற்றிப் பத்திரத்தில் இருந்தவை இரண்டே சொற்கள்: 'கிணறு பொது'. அண்ணன் இருந்தவரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் முறை வைத்து இருவரும் தண்ணீர் எடுத்தார்கள். அவர் காலமான பிறகு மகன் நிலத்தை வெளியூர்க்காரருக்கு விற்றுவிட்டார். வாங்கியவர், "கிணறு பொதுவாக இருக்கட்டும், என் நிலத்தின் வழியாகக் குழாய் போகலாம் என்று எங்கே எழுதியிருக்கிறது?" என்று கேட்டார். குழாய் பெயர்க்கப்பட்டது. நான் போனபோது வழக்கு ஆறாவது ஆண்டில் நடந்துகொண்டிருந்தது.

"ஐயா, அன்னைக்கு ஒரு வக்கீலைப் பார்த்து எழுதியிருக்கலாம். அது எதுக்கு வீண் செலவுன்னு விட்டுட்டேன்" என்றார் அவர்.

உரமிடும் முறை பற்றிச் சொல்லப் போன நான் எதுவும் சொல்லாமல் திரும்பினேன். விதை, உரம், பூச்சி மருந்து ஆகியவற்றைப் பற்றி இப்பக்கத்தில் எத்தனையோ எழுதுகிறோம். அவற்றுக்கெல்லாம் முந்திய இடுபொருள் ஒன்று உண்டு. அதுதான் நிலத்தின் மீது நமக்குள்ள தெளிவான உரிமை. அதில் ஓட்டை இருந்தால் எந்தத் தொழில்நுட்பமும் வயலுக்கு வந்து சேராது.

விதை நேர்த்தி போன்றது

விதை நேர்த்திக்கு ஆகும் செலவு சிறிது. அதைச் செய்யாமல் விட்டு, நோய் வந்தபின் மருந்து தெளிக்க ஆகும் செலவு பெரிது. வக்கீலிடம் ஆலோசனை கேட்பதும் இப்படித்தான். நம் விவசாயிகள் பெரும்பாலோர் வழக்கு வந்த பிறகே வக்கீல் வீட்டுப் படியேறுகிறார்கள். கையெழுத்திடுவதற்கு முன்பே ஏற வேண்டும் என்பது என் கருத்து.

இதற்குச் சென்னை உயர் நீதிமன்றத்துப் பெரிய வக்கீல் தேவையில்லை. தாலுகா நீதிமன்றம் உள்ள ஊர்களில் ஒன்றிரண்டு வக்கீல்களும் ஒரு குமாஸ்தாவும் கொண்ட சிறிய அலுவலகங்கள் பல உண்டு. எல்லா நோய்க்கும் மருந்து கொடுக்கும் ஊர் டாக்டரைப் போல, பத்திரம் எழுதுவது, மூலப் பத்திரங்களைப் பார்வையிட்டுக் கருத்துச் சொல்வது, நோட்டீஸ் அனுப்புவது, உயில் எழுதுவது, செக் வழக்கு, நுகர்வோர் வழக்கு என எல்லாவற்றையும் அவர்கள் கவனிக்கிறார்கள். சிறு விவசாயிக்கு ஏற்றவர்கள் அவர்களே. நம் பக்கத்து நில வழக்கங்களும் வாய்க்கால் வரப்பு விவரங்களும் அவர்களுக்குத் தெரியும்.

ஆவண எழுத்தர் போதாதா என்று கேட்கலாம். நாம் சொல்வதை முறைப்படி எழுதித் தருவது அவர் வேலை. நாம் சொல்லாமல் விட்டது என்ன என்று கேட்பது வக்கீலின் வேலை. 'கிணறு பொது' என்ற சொற்களுக்குப் பின்னால் கேட்க வேண்டிய கேள்விகள் பல: யாருக்கு எத்தனை பங்கு? முறை எந்த நாள்? குழாய் எந்த வரப்பு வழியாகப் போகும், எத்தனை அடி அகலம்? மின் இணைப்பு யார் பெயரில் இருக்கும்? தூர் வாரும் செலவு எப்படிப் பிரியும்? மாமூல் வண்டித்தடம் எது? இவ்வளவையும் எழுத அரைப் பக்கம் போதும்.

எப்போதெல்லாம் பார்க்க வேண்டும்?

முதலாவது, நிலம் வாங்கும்போது. பட்டா இருக்கிறது, அது போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பட்டா வருவாய்த் துறையின் பதிவேடு. அது மட்டுமே உரிமையைத் தந்துவிடாது என்று நீதிமன்றங்கள் பலமுறை கூறியுள்ளன. வில்லங்கச் சான்றும் பதிவான நடவடிக்கைகளை மட்டுமே காட்டும். பதிவு செய்யாத உயிலோ வாய்மொழிப் பாகமோ அதில் வராது. மூலப் பத்திரம் முதல் வரிசையாகப் பார்த்து, வாரிசுகள் யாராவது விடுபட்டிருக்கிறார்களா என்று சொல்வதற்குப் பயிற்சி பெற்ற கண் வேண்டும்.

இரண்டாவது, பாகம் பிரிக்கும்போது. இன்னும் பல கிராமங்களில் பட்டா தாத்தா பெயரிலேயே இருக்கிறது. பேரன் உழுகிறான், ஆனால் மானியத்துக்கும் பயிர்க் கடனுக்கும் விண்ணப்பிக்கப் போனால் திருப்பி அனுப்பப்படுகிறான். குடும்பத்தினருக்குள் எழுதும் பாகப்பிரிவினை, செட்டில்மென்ட், விடுதலைப் பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வை கிரயப் பத்திரத்தைவிடக் குறைவு. பெரியவர்கள் உயிருடன் இருக்கும்போதே இதை முடித்துக்கொள்வது நல்லது.

பெண் மக்களை விட்டுவிட்டுப் பாகம் எழுதுவதும் வழக்கமாக இருக்கிறது. இது தவறு, ஆபத்தும்கூட. இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில், அப்போது மணமாகாதிருந்த பெண்களுக்குச் சம உரிமை தந்து தமிழ்நாடு 1989ஆம் ஆண்டிலேயே சட்டம் செய்தது. மணமான பெண்களுக்கும் சேர்த்து நாடு முழுவதும் 2005ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் அவ்வுரிமையைத் தந்தது. அந்த ஆண்டில் தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவுபடுத்திவிட்டது. 20.12.2004க்கு முன்பே முறையாக முடிந்துவிட்ட பாகப்பிரிவினைகளை மட்டும் இத்திருத்தம் பாதிக்காது. தங்கையின் கையெழுத்து இல்லாத பத்திரத்தை நம்பிக் கிணறு வெட்டுவது மணலில் வரப்புப் போடுவது போன்றது. கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்களுக்கு விதிகள் வேறு. அவர்களும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, வயதான காலத்தில் பிள்ளைகளுக்கு நிலத்தை எழுதிவைக்கும்போது. செட்டில்மென்ட் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டால் நினைத்தபோது திரும்பப் பெற முடியாது. உயிலை ஆயுள் உள்ளவரை மாற்றலாம். உயிலுக்கு இரண்டு சாட்சிகள் கட்டாயம். பதிவு கட்டாயமில்லை என்றாலும் பதிவது நல்லது. செட்டில்மென்ட்தான் எழுதுவது என்று முடிவு செய்தால், கடைசி வரை உணவும் மருத்துவமும் தந்து பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 60 வயது நிறைந்தவர்கள், பிள்ளைகள் அந்த நிபந்தனையை மீறினால், 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் பத்திரத்தை ரத்துச் செய்யக் கோரலாம்.

நான்காவது, வெளியே கடன் வாங்கும்போது. கடன் கொடுப்பவர் சிலர் அடமானப் பத்திரத்துக்குப் பதிலாகக் கிரய ஒப்பந்தமோ 'பவர்' பத்திரமோ எழுதி வாங்குகிறார்கள். "சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தான்" என்பார்கள். தவணை தவறினால் அதே காகிதத்தை வைத்து, நிலத்தை விற்பதாக ஒப்புக்கொண்டீர்கள் என்று வழக்குப் போடுவார்கள். அது கடன்தான் என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். கடனுக்கு அடமானம் மட்டுமே எழுதுங்கள். வெற்றுக் காகிதத்திலும் பூர்த்தி செய்யாத புரோநோட்டிலும் யாருக்கும் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஐந்தாவது, விதை முளைக்காதபோதும், வியாபாரி கொடுத்த செக் திரும்பியபோதும். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றம் 2012இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இழப்பீடு கேட்கலாம். இதில் என் துறை சார்ந்த ஒரு வேண்டுகோள்: பில், விதைப் பை, அதிலுள்ள அட்டை ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். ஒரு பிடி விதையையும் எடுத்து வையுங்கள். பயிர் வயலில் நிற்கும்போதே வேளாண்மை உதவி இயக்குநருக்கு எழுத்து மூலம் புகார் கொடுத்து ஆய்வு செய்யச் சொல்லுங்கள். வயலை உழுதுவிட்டு வந்தால் விஞ்ஞானியாலும் வக்கீலாலும் ஒன்றும் செய்ய முடியாது.

பருவம் தவறக் கூடாது

பயிருக்குப் பருவம் இருப்பதுபோல் சட்டத்துக்கும் கெடு உண்டு. செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாட்களுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நுகர்வோர் புகாருக்கு 2 ஆண்டுகள். கைமாற்றுக் கடனுக்குப் பொதுவாக 3 ஆண்டுகள். பிறர் ஆக்கிரமித்த நிலத்தை உரிமையின் பேரில் மீட்க 12 ஆண்டுகள்.

சம்மன் வந்தால் வாங்காமல் ஒளிந்துகொள்ளும் பழக்கமும் நம்மிடம் உண்டு. வாங்க மறுத்தாலும் சம்மன் சேர்ந்ததாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். சிவில் வழக்கில் சம்மன் கிடைத்த 30 நாட்களுக்குள் பதில் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும்.

வக்கீலிடம் எப்படி நடந்துகொள்வது?

வக்கீலிடம் போனால் சொத்தே கரைந்துவிடும் என்ற அச்சம் கிராமங்களில் இருக்கிறது. அதை முற்றும் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆண்டுக்கணக்கில் வாய்தா வாங்கியே களைத்துப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் நாமும் விவரத்துடன் நடந்துகொள்ள வேண்டும் என்கிறேன்.

வக்கீல்கள் விளம்பரம் செய்வதற்கு அவர்களுடைய விதிகள் இடம் தருவதில்லை. எனவே நிலச் சம்பந்தமான சிவில் வேலைகளை யார் கவனமாகச் செய்கிறார் என்று நாலு பேரிடம் விசாரித்துப் போக வேண்டும். ஆலோசனைக்கு எவ்வளவு, பத்திரம் எழுத எவ்வளவு, வழக்கானால் எவ்வளவு என்று முதலிலேயே வெட்கப்படாமல் கேளுங்கள், ரசீது வாங்குங்கள். ஜெயித்தால் சொத்தில் பங்கு என்று பேசிக்கொள்வதற்கு வக்கீல்களின் விதிகளில் தடை இருக்கிறது. அப்படிப் பேசுபவரை விட்டு விலகுங்கள். அசல் பத்திரங்களைக் காட்டிவிட்டு நகலைக் கொடுங்கள். அசலைக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கானால் அதன் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டால், அடுத்த வாய்தா எப்போது என்று செல்போனிலேயே பார்க்கலாம். வக்கீல் முறைகேடாக நடந்தால் பார் கவுன்சிலில் புகார் செய்யலாம். வக்கீல் மீது நுகர்வோர் வழக்குத் தொடர முடியாது என்று 2024இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

நாமும் உண்மையை மறைக்கக் கூடாது. டாக்டரிடம் நோயை மறைப்பதும் வக்கீலிடம் பழைய கடனை மறைப்பதும் ஒன்றே.

கையில் காசு இல்லாதவர்களுக்கு

1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினர், மாற்றுத் திறனாளிகள், வெள்ளம் வறட்சியால் பாதிக்கப்பட்டோர், குறைந்த வருமானம் உள்ளோர் ஆகியோருக்கு இலவசமாக வக்கீல் கிடைப்பார். இதில் பெண்களுக்கு வருமான வரம்பு இல்லை. தாலுகா நீதிமன்றத்திலுள்ள வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம். நடக்கும் வழக்கைச் சமாதானமாக முடிக்க இருவரும் இசைந்தால் மக்கள் நீதிமன்றம் இருக்கிறது. அங்கே தீர்ந்தால் கட்டிய கோர்ட்டுக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அதன் மீது அப்பீல் இல்லை என்பதால் சச்சரவும் அத்துடன் முடியும்.

செய்ய வேண்டியது

எங்களைப் போன்ற விரிவாக்கப் பணியாளர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. உழவர் விழாக்களில் டிராக்டருக்கும் விதைக்கும் கடை போடுகிறோம். வட்டச் சட்டப் பணிகள் குழுவை அழைத்து ஒரு மேசை போட்டுக் கொடுத்தால் என்ன? வேளாண் அறிவியல் நிலையங்களில் மாதம் ஒரு நாள் பத்திர ஆலோசனைக்கு ஒதுக்கலாம். உழவர் மன்றங்களும் உற்பத்தியாளர் குழுக்களும் ஒரு வக்கீலை ஆண்டுக் கட்டணத்தில் பொதுவாக அமர்த்திக்கொண்டால், தலைக்கு ஆகும் செலவு மிகக் குறைவாக இருக்கும்.

அதுவரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரம் ஒரு நாள் இரும்புப் பெட்டியைத் திறந்து உங்கள் பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். பட்டா யார் பெயரில் இருக்கிறது? கிணற்றுக்கும் தடத்துக்கும் என்ன எழுதியிருக்கிறது? புரியவில்லை என்றால் நகல் எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். அண்ணன் தம்பி உறவு நன்றாக இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். உறவு கெட்ட பிறகு ஒரு வரி சேர்ப்பதற்கும் நீதிமன்றத்தில்தான் நிற்க வேண்டியிருக்கும்.