ஆளைத் தேடாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள்!

திருப்பூரில் சிறிய நிட்டிங் யூனிட் நடத்தும் பலர் இப்போது கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார்கள். அதில் பில் போடுகிறார்கள். சம்பளக் கணக்கு பார்க்கிறார்கள். துணியில் விழும் குறைகளை மட்டும் துண்டுச் சீட்டில் எழுதித் தூக்கி எறிவதையும், துணி கெட்டால் மெஷின் ஓட்டியவர் கூலியில் கை வைப்பதையும் நான் பார்த்திருக்கிறேன். இது நியாயமும் இல்லை, இதனால் பயனும் இல்லை என்பது என் கருத்து.

குறை எங்கே பிறந்தது என்பதைத் துணியே சொல்லும். நீளவாக்கில் ஒரே கோடாக வந்தால், முதலில் ஊசியைப் பாருங்கள். வளைந்தோ தேய்ந்தோ இருக்கும். குறுக்கே பட்டை பட்டையாக வந்தால், வேறு வேறு லாட் நூல் கலந்திருக்கலாம். ஏதேனும் ஒரு ஃபீடரில் நூலின் டென்ஷன் மாறியிருக்கலாம். ஓட்டை விழுந்தால் நூலில் முடிச்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நூல் வாங்கியது ஓட்டுபவரா?

உங்கள் கம்ப்யூட்டரில் எக்ஸெல் இருக்கிறதா? இல்லை என்றால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். தேதி, ஷிப்ட், மெஷின் எண், நூல் லாட், குறையின் வகை, எண்ணிக்கை என ஆறு நெட்டு வரிசைகள் அமையுங்கள். ஆள் பெயருக்கு வரிசை வேண்டாம். பெயர் எழுதினால் குறையை மறைக்கத்தான் பார்ப்பார்கள்.

ஒரு இடத்தில் ‘ஓட்டை’, இன்னொரு இடத்தில் ‘ஹோல்’ என்று டைப் செய்தால் கம்ப்யூட்டர் இரண்டையும் தனித்தனியாக எண்ணும். எனவே ஒரே சொல்லைப் பயன்படுத்துங்கள்.

மாத முடிவில் இன்சர்ட் மெனுவில் உள்ள பிவட் டேபிள் மூலம் வகை வாரியாகவும் மெஷின் வாரியாகவும் கூட்டுங்கள். பெரியதில் தொடங்கி வரிசைப்படுத்தி பார் சார்ட் போடுங்கள். சில காரணங்களே பெரும்பாலான குறைகளை உண்டாக்கும் என்பது தர நிபுணர் ஜோசப் ஜூரான் பரப்பிய கருத்து. உங்கள் சார்ட்டிலும் அது தெரிகிறதா, பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை. அதிக நேரம் ஓடிய மெஷினில் குறையும் அதிகம் தெரியும். அதனால் ஒவ்வொரு மெஷினும் பின்னிய எடையைத் தனியே குறித்து, 100 கிலோவுக்கு எத்தனை குறை என்று கணக்கிடுங்கள்.

சாயம் ஏற்றிய பிறகு பட்டை தெரிந்தால் நூல், சாயம், தண்ணீர், உழைப்பு எல்லாமே வீண். கம்ப்யூட்டர் குறையைச் சரி செய்யாது. எந்த மெஷினை முதலில் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று காட்டும். கூலியைப் பிடிக்கும் முன் ஒரு மாதம் எழுதிப் பாருங்களேன்.