சனிக்கிழமைக் கூலியும் வீட்டுக் கடனும்

திருப்பூரின் பனியன் கம்பெனிகளில் பெரும்பாலோருக்குக் கூலி வாரக் கணக்கு. சனிக்கிழமை கைக்கு வருவது. டெய்லருக்கோ பீஸ் ரேட். ஆர்டர் குவிந்தால் ஓவர்டைம், ஓய்ந்தால் அரை வேலை. வங்கி கேட்பது மாதச் சம்பளச் சீட்டு. பின்னலாடைத் தொழிலாளிக்கு வீடு எட்டாதிருக்க வட்டி விகிதத்தைவிட இந்தப் பொருத்தமின்மையே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

பிற வங்கிகள் ஏறெடுத்துப் பாராத மக்களுக்கென்றே ஒரு வங்கி தொடங்குவது நமக்குப் புதிதல்ல. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியோரின் மறுவாழ்வுக்காக மத்திய அரசு 1969-ல் ஏற்படுத்திய கூட்டுறவு வங்கிதான் ரெப்கோ. அதன் வீட்டுக்கடன் நிறுவனம் 2000-ல் பிறந்தது. சம்பளச் சீட்டில்லாத சுயதொழில்காரர்களுக்கும் கடன் தருகிறது. வங்கதேசத்தின் கிராமின் வங்கி 1984-ல் தொடங்கிய வீட்டுக் கடன் இன்னும் நெருக்கமான உதாரணம். நான்கு கான்கிரீட் தூண்கள், கழிப்பறைக்கு ஒரு பலகை, கூரைக்குத் தகரம், வாரத் தவணை. மனை பெண்ணின் பெயரில் இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. அத்திட்டம் 1989-ல் ஆகாகான் கட்டடக்கலை விருது பெற்றது.

வாரக் கூலிக்கு வாரத் தவணை என்பதோடு விஷயம் முடிந்துவிடாது. 2011-ல் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. 2025-ல் அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தது. இருபது ஆண்டுக் கடனில் இத்தகைய மாதங்கள் வந்தே தீரும். அவற்றுக்கான தவணை விடுப்பை முதல் நாளே ஒப்பந்தத்தில் எழுதிவைக்காத கடன், தொழிலாளியைக் கந்துவட்டிக்காரரிடமே திருப்பி அனுப்பும்.

இன்னொன்று. தேனியிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவர்களில் பலர் இங்கே சொந்த வீடு தேடுவதில்லை. வீடு ஊரில் கட்டுவார்கள். இங்கே அவர்களுக்கு வேண்டியது கழிப்பறைக்கு வரிசையில் நிற்கவேண்டாத ஒரு லைன் வீடு. 2020-ல் வந்த மத்திய அரசின் வாடகை வீட்டுத் திட்டம், தனியார் தம் காலிமனையில் கட்டி 25 ஆண்டு வாடகைக்கு விட வழிசெய்தது. பத்து அறை வைத்திருக்கும் சாதாரண லைன் வீட்டுக்காரருக்கு அது பெரிய சட்டை. அவருக்குத்தான் கடன் போகவேண்டும்: அறைக்கொரு கழிப்பறை, வாடகைக்கு உச்சவரம்பு, மீறினால் வட்டி கூடும்.

வட்டியை வாடகையில் ஏற்றிவிடுவார் என்பார்கள். தொலைவிலிருந்து கடன் கொடுத்தால் ஏற்றத்தான் செய்வார். மாதச் சீட்டு நடத்துபவர் சனிக்கிழமை மாலை அதே சந்துக்குள் நடக்கிறார். எந்த அறைக்கு என்ன வாடகை என்பது அவருக்குத் தெரியும். வங்கியின் ஆளும் அந்தச் சந்துக்குள் வரட்டும்.